குச்சியில் கட்டிய மாப்பிள்ளை அறை

போன மழைக்காலத்தில் சைகோனில், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு சென்னைப் பையனைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வேலை. இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். மனைவியை ஊருக்கு அழைத்துப் போக விசாவுக்கு எழுதிப் போட்டதாகவும், காபி ஆறுவதற்குள் கைபேசியிலேயே வேலை முடிந்துவிட்டதாகவும் சொன்னான். நான் என்ன வேலை பார்த்து ஓய்ந்தவன் என்று கேட்டான். இதே வேலைதான் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கெல்லாம் ஆள் வெச்சிருந்தாங்களாண்ணே? அப்ளிகேஷன் குடுத்தப்புறம் நீங்க என்னதான் பண்ணுவீங்க?"

"அலைவேன்."

"அலையறதுக்குச் சம்பளமா?"

"அதுக்குத்தான் சம்பளம்."

"எழுதுங்கண்ணே, படிக்கிறோம்" என்றான். கேலியாகத்தான் சொன்னான். இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். உட்காருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். இரண்டு பத்தி எழுதினால் எழுந்து தெருமுனை வரை போய்விட்டுத்தான் அடுத்ததைத் தொட முடிகிறது. துண்டு துண்டாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. முடித்தது நான்தான், அவர்கள் துரத்தவில்லை. லாரி கிளீனர், பினாங்கில் மூட்டை, ஒரு சரக்குக் கப்பலில் சமையல்கட்டு, கம்போடியாவில் நோம்பென் ஊரில் அரிசி ஆலை. கப்பலில் கொதிக்கிற எண்ணெய் பட்டு இடது கை வெந்தது, நோம்பென்னில் மலேரியா. இரண்டும் ஆறிவிட்டன. சைகோனுக்கு வந்தபோது ஊரின் பெயரை அரசாங்கம் மாற்றி வருஷங்கள் ஓடியிருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வர ஆரம்பித்த காலம். ஒரு வாரம் பார்த்துவிட்டு லாவோஸ் போவதாகத் திட்டம். அந்த வாரத்தில் மதாம் ஜைனப்பின் கண்ணில் பட்டேன்.

மதாமின் தகப்பனார் காரைக்காலிலிருந்து ஜவுளி வியாபாரத்துக்கு வந்தவர், தாய் வியட்நாம்காரி. யுத்தம் முடிந்து மற்றவர்கள் கப்பல் ஏறியபோது இந்தக் குடும்பம் ஏறவில்லை. மதாம் காரைக்காலைப் பார்த்ததே இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் காரைக்கால்தான் வரும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காரைக்கால். நடுவில் ஒரு பிரெஞ்சுச் சொல், கோபம் வந்தால் வியட்நாம். தோங் தூ பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில், காபிக் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம். வெளிநாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டவர்களின் காகிதங்களை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, விசா ஆபீஸில் சேர்ப்பது தொழில். மதாமுக்குக் கால் மூட்டு தேய்ந்துவிட்டது. அதனால் நடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

"தம்பி, ஒமக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"சுமாரா."

"நடக்க?"

"நல்லா."

"அப்ப வாரும்" என்றார். பயிற்சி அவ்வளவுதான். மொழியைத் தெருவில் கற்றுக்கொண்டேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணச் சான்றிதழ் வியட்நாம் மொழியில் இருக்கும். அதை மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பையும் நகலையும் ஒன்றாகத் தைத்து, நீதித்துறை ஆபீஸுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முத்திரை போடும் பெண்மணி தாள்களை விசிறி மாதிரி லேசாக விரித்து, எல்லா ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிக்கட்டாகத் தெரியும்படி பிடித்து, ஒரே அடியில் சிவப்பு முத்திரை பதிப்பார். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் வட்டத்தின் ஒரு சீவல் விழ வேண்டும். விழாத தாள் இருந்தால் அதை நடுவில் யாரோ செருகியதாக அர்த்தம், மொத்தமும் போச்சு. பிறகு வெளிவிவகார ஆபீஸில் இன்னொரு முத்திரை. பிறகுதான் விசா ஆபீஸ் கவுண்டர். ஒவ்வோர் இடத்திலும் 'நாளை வா' என்பார்கள். எனக்கு அது கஷ்டமாக இருந்ததில்லை. ஒரே நாற்காலியில் இருக்கச் சொல்லியிருந்தால்தான் ஓடியிருப்பேன்.

மதாம் ஒரு ஜோடியின் காகிதத்தை உடனே தொடமாட்டார். முதலில் பொமெலோ என்கிற பம்பளிமாஸ் பழம் ஒன்றை எடுத்து உரிக்க ஆரம்பிப்பார். அது உரிபட நேரமாகும். உரித்துக்கொண்டே கேட்பார்: "நேத்து ராத்திரி என்ன சாப்ட்டிய?" பெண்ணிடம் வியட்நாம் மொழியில், ஆணிடம் தமிழில். கவுண்டருக்குப் பின்னாலும் இப்படித்தான் கேட்பார்கள். மாமியார் எந்தப் பக்கம் படுப்பார், அவர் குறட்டை விடுவாரா, கடைசியாகச் சண்டை எதற்கு. பதில்கள் ஒன்றுக்கொன்று இடித்தால் ஜோடி பயந்துவிடும். மதாமுக்கு அப்போதுதான் முகம் மலரும்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா அது மனப்பாடம். மீன் கொழம்பா கறியான்னு எந்தப் புருசனும் பொஞ்சாதியும் ஒத்துப் போனதில்ல தம்பி. சண்ட போட்டா, அது குடும்பம்."

உரித்த சுளையை அந்தப் பெண்ணிடம் கொடுப்பார். கொடுத்துவிட்டால் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார் என்று பொருள். சுளை கிடைக்காமல் படி இறங்கிய ஜோடிகளும் உண்டு.

ஹாஜாவும் லியெனும் வந்தபோது சுளை சீக்கிரம் கிடைத்தது, ஏனென்றால் படியேறும்போதே சண்டை. ஹாஜா காரைக்கால் பையன். நகரத்தின் முதலாம் டிஸ்ட்ரிக்டில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல். லியென் குச்சிப் பெண். குச்சி என்பது சைகோன் நகரத்தின் வெளி மாவட்டம். வயலும் மாடுகளும் நடுநடுவே செருப்புத் தொழிற்சாலைகளும். அந்தத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. ஓட்டலுக்குக் காய்கறி கொண்டுவரும் தன் அத்தையோடு ஒருநாள் வந்தவள், தொடர்ந்து வந்தாள். பள்ளிவாசலில் நிக்காஹ், அரசாங்க ஆபீஸில் பதிவு, இரண்டும் முறையாக முடிந்திருந்தன. அவளுக்கு மரியம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹாஜா லியென் என்றேதான் கூப்பிட்டான்.

இப்போது ஓட்டல் மூடப் போகிறது. முதலாளி வேறு ஊருக்குப் போகிறார். வேலை போனால் ஹாஜாவின் இருப்பு அனுமதியும் போகும். நாட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். லியெனுக்கு வயிற்றில் பிள்ளை. இன்னும் கொஞ்சம் வயிறு பெருத்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்குள் அவளுக்கு மனைவி விசா வந்தால் இருவரும் சேர்ந்து காரைக்கால் போகலாம். வராவிட்டால் அவன் ஒரு கரை, அவள் ஒரு கரை. பிள்ளை தகப்பனைப் போட்டோவில் பார்க்கும்.

"ஊர்ல எங்க தங்குவிய?" என்று மதாம் கேட்டார்.

"உம்மாவோட ஊடு இருக்கு மதாம். பெரிய ஊடு. பாஸ்போர்ட்டுலயும் அந்த அட்ரஸ்தான்."

எழுதிக்கொண்டோம். முத்திரைகள் சுத்தமாக விழுந்தன. விசா ஆபீஸில் நேர்காணலும் நன்றாகப் போனது. "உன் கணவர் சமைப்பதில் உனக்குப் பிடித்தது எது?" என்று கேட்டதற்கு, "வீட்டில் அவர் சமைப்பதே இல்லை" என்று லியென் சொல்ல, அதிகாரி சிரித்துவிட்டாராம். ஊரில் விலாசத்தை விசாரித்த பிறகு பதில் சொல்கிறோம் என்றார்கள். இதெல்லாம் வழக்கம்தான்.

காத்திருப்பதுதான் எனக்கு ஆகாதது. அந்த மாதம் லாவோஸ் ஆசை மறுபடி வந்தது. பையைக் கட்டி வைத்தேன். தினமும் காலையில் கவுண்டருக்குப் போய் எட்டிப் பார்ப்பேன், பிறகு ஆற்றங்கரை, பிறகு பென் தான் சந்தை, பிறகு மறுபடி கவுண்டர். கவுண்டர்ப் பையன் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டுவான். ஒருநாள் ஆட்டவில்லை. காகிதத்தை நீட்டினான்.

விசா மறுக்கப்பட்டிருந்தது. காரணம் இரண்டு வரியில் இருந்தது. கொடுத்த விலாசத்தில் விசாரித்ததில் மனுதாரரின் கணவர் அங்கே குடியிருக்கவில்லை என்றும், மனைவியோடு அங்கே குடியிருக்கப் போவதில்லை என்றும் அவருடைய தாயாரே தெரிவித்துள்ளார்.

ஹாஜா அதைப் படித்துவிட்டு வெளிறிப் போனான். "யாரோ வேணும்னே எழுதியிருக்கான்ணே. எங்க உம்மா அப்படிச் சொல்லவே மாட்டாஹ." அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டான். அப்போதுதான் சீனாவிலிருந்து ஒரு வகைக் கைபேசி வந்திருந்தது. ஒலிபெருக்கியைப் போட்டால் தெருவுக்கே கேட்கும். உம்மாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது.

"ஆமா, வந்தாஹ. ரெண்டு பேரு. வெளியூரு ஆளுங்க. ஒங்க மவன் பொண்டாட்டியோட இங்கதான் குடியிருப்பாரான்னு கேட்டாஹ. எப்படி இருப்பான்னேன். இது எம்மவ ஊடு. கல்யாணமான ஆம்புளைக்கு இங்க என்ன வேலன்னேன்."

"உம்மா! அப்படியா சொன்னிய?"

"வேற எப்படிச் சொல்றது? இல்லாததயா சொன்னேன்? ஒங்க மச்சான் நம்ம ஊட்டுல இருக்காஹ. நீ ஒன் பொண்டாட்டி ஊட்டுல இருப்ப. ஒலகமே அப்படித்தானே இருக்கு?"

ஹாஜா கைபேசியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். லியெனுக்குத் தமிழ் தெரியாது. குரலின் வேகம் மட்டும் புரிந்தது. என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்த்த விதம் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்வதென்று இன்றும் தெரியாது. 'இந்த வீட்டில் உனக்கு இடம் இல்லை என்கிறார்' என்றுதான் வந்தது.

லியென் அழவில்லை. எழுந்து பையை எடுத்தாள். "என்னை வேண்டாம் என்கிற வீட்டுக்கு நான் ஏன் விசா கேட்க வேண்டும்? நீங்கள் போங்கள். பிள்ளை பிறந்தால் சொல்லி அனுப்புகிறேன்" என்று கணவனிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். ஹாஜா பின்னால் ஓடினான்.

நான் மதாமைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மருமகள்தான் புகுந்த வீட்டுக்கு வருவாள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எங்களுக்குக் கேலி. உம்மாவின் பேச்சு எனக்கு மருமகளை வேண்டாமென்று தள்ளுகிற பேச்சாகத்தான் பட்டது. மதாமோ உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"எங்க வாப்பாவும் இப்படித்தான் தம்பி. எங்கம்மா ஊட்டுக்கு ஒத்தப் பெட்டியோட வந்து எறங்குனாரு. அம்மாவோட சொந்தக்காரனெல்லாம் சிரிச்சானாம், சோத்துக்கு வந்துட்டான்னு. வாப்பாவுக்கு எதுக்குச் சிரிக்கிறான்னே புரியலயாம். அவங்க ஊருல ஊடு பொம்பளப் புள்ளைக்கு. ஆம்புள கல்யாணம் பண்ணுனா பொண்ணு ஊட்டுக்குப் போவான். அந்தம்மா உள்ளதச் சொல்லியிருக்கு."

"அப்ப ஹாஜாவுக்கு இது தெரியாதா?"

"தெரியும். பொறந்ததுல இருந்து பாத்துட்டானுல்ல, அதான் எழுதும்போது ஞாபகத்துக்கு வரல. மூச்சு விடறத யாராவது பாரத்துல எழுதுவானா?"

வேறு வீடு வாடகைக்குப் பிடித்து, புது விலாசம் எழுதி, மறுபடி விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் மறுபடி விசாரணை, மறுபடி காத்திருப்பு. லியெனின் வயிறு காத்திருக்காது. மதாம் ஒரு பொமெலோவை எடுத்தார். உரிக்கவில்லை, கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"நாம தப்பான ஆளுக்கு விசா கேட்டுட்டோம் தம்பி" என்றார். "காரைக்கால் சட்டப்படி அவன் எங்க இருக்கணும்? பொண்ணு ஊட்டுல. பொண்ணு ஊடு எங்க? குச்சில. அப்ப விசா அவனுக்குத்தான் வேணும்."

வியட்நாம் குடிமகளைக் கட்டியவன் அவள் பேரில் தங்கும் அட்டை கேட்கலாம். வேலை இருக்க வேண்டியதில்லை. மனைவி கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, அவன் எந்த வீட்டில் இருக்கிறானோ அந்த வீட்டுத் தலைவர் உள்ளூர்ப் போலீஸில் போய், 'இவன் என் வீட்டில் இருக்கிறான்' என்று பதிந்து தர வேண்டும். குச்சி வீட்டுக்குத் தலைவர் லியெனின் அப்பா.

அவரைத் தாம் என்பார்கள். தாம் என்றால் எட்டு. வியட்நாமின் தெற்கே ஆட்களைப் பிறந்த வரிசை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். ஹாஜாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன்.  வழியில் ஒரு இடத்தில், "அண்ணே, நான் அவள விட்டுட்டுப் போவமாட்டேன். அனுமதி முடிஞ்சாலும் போவமாட்டேன். பிடிச்சா பிடிக்கட்டும்" என்றான். அனுமதி முடிந்து தங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நோம்பென்னில் அனுபவித்திருக்கிறேன். பிடித்து அனுப்பினால் திரும்ப உள்ளேயே விடமாட்டார்கள். அதை அவனிடம் சொன்னேன். 

தாம் பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். குள்ளமான மனிதர், தோளில் சதுரத் துண்டு. லியென் வாசலில் நின்றாள், உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் கடைசி வரை கேட்டார். பிறகு மாட்டைப் பார்த்துத்தான் பேசினார்.

"மாமனார் வீட்டில் தங்குகிற மருமகனை எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா? சோற்று அலமாரிக்கு அடியில் முடங்குகிற நாய்."

"தெரியும்."

"தெரிந்துமா கேட்கிறாய்? என் மகளைக் கட்டினவன் நாய் என்று எதிர்வீட்டுக்காரன் சொல்லட்டும் என்று நானே போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டுமா? இவனுக்கு வீடு இல்லையா? இவனைப் பெற்றவள் இவனை வேண்டாம் என்கிறாளா? பெற்றவளே வேண்டாம் என்றவனை நான் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?"

ஹாஜாவுக்கு அவ்வளவு வியட்நாம் மொழி புரியும். முகம் சிவந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து உம்மாவைக் கூப்பிட்டான். ஒலிபெருக்கியைப் போட்டு, மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்தான். "அண்ணே, நீங்களே பேசுங்க. எனக்கு வாய் வரல."

நான் என்னை யாரென்று சொல்லி, பெண்ணின் அப்பா பக்கத்தில் நிற்கிறார், அவர் வீட்டில் ஹாஜா தங்குவதற்குச் சம்மதிக்கவில்லை என்றேன். உம்மா குரலை உயர்த்தினார்.

"ஏன் சம்மதிக்கல? எம்மவன் மேல என்ன குத்தம்?"

மொழிபெயர்த்தேன். பெரியவர், "குற்றம் அவன்மேல் இல்லை. தாய் ஏன் அவனை வீட்டுக்குள் விடவில்லை என்று கேள்" என்றார்.

"விடலயா? யாரு விடலன்னது? நாளைக்கே வந்தா கறியாக்கிப் போடுவேன். விருந்தாளி வரலாம், திங்கலாம், போகலாம். குடியிருக்கறது பொண்டாட்டி ஊட்டுல. எங்க மருமவன் இந்த ஊட்டுல இருக்காஹ. காலையில மொதல் டீ அவஹளுக்குத்தான். அவஹ சாப்புடாம எம்மவ சாப்புடமாட்டா. அவர நாயின்னு எவன் சொல்லுவான்? சொன்னா பல்லு இருக்குமா?"

இதை மொழிபெயர்க்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாய் என்ற சொல் அந்த அம்மாவின் காதில் எப்படி விழுந்தது என்று பார்த்தால், இந்த ஊர்க்காரர்கள் தன்னை இப்படித்தான் சொல்வார்கள் என்று ஹாஜா முதல் நாளே அவருக்குப் போனில் சொல்லி அழுதிருக்கிறான். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதற்கு மேல் உம்மா எங்களைப் பேச விடவில்லை.

"தம்பி, அவர்ட்ட கேளுங்க. நான் வளத்த புள்ளய அவர் ஊட்டுக்குக் குடுக்குறேன். அவர் என்ன வெச்சிருக்காரு? மாப்புளைக்குன்னு தனி அறை இருக்கா? கதவு இருக்கா, தாப்பா இருக்கா? அடுப்பு தனியா? அவங்க அடுப்புல பன்னி வேகும், எம்மவன் அதுல சமைக்கமாட்டான். அது இல்லாமயா எம்மவனக் கூப்புடுறாரு?"

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்லப் பெரியவரின் கழுத்து நிமிர்ந்துகொண்டே வந்தது. இத்தனை நேரமும் அவர், வீடற்ற ஒருவனுக்கு இடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டிருந்தார். இப்போது ஒரு பெண்மணி கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய வீட்டில் குறை கண்டுபிடிக்கிறார்.

"அறை இல்லை என்று யார் சொன்னது?" என்றார் என்னிடம்.

அறை இல்லைதான். எல்லோரும் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிற வீடு. லியென் வாசலிலிருந்து, "அப்பா!" என்றாள்.

"நீ சும்மா இரு. அறை இருக்கும் என்று சொல். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இடம் கிடக்கிறது. செங்கல் சுவர். தகரக் கூரை இல்லை, ஓடு. அடுப்பு வெளியே தனியாக. எனக்குக் கட்டத் தெரியாதா?"

சொன்னேன். "தாப்பா?" என்றார் உம்மா.

"இரும்புத் தாழ்ப்பாள்" என்றார் பெரியவர்.

"உள் பக்கமா?"

"உள் பக்கம்."

"அப்ப சரி. அந்தப் புள்ளகிட்ட குடுங்க."

லியென் வந்தாள். கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உம்மா தமிழில் பேசினார், நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன், லியென் கையைக் காட்டி நிறுத்தினாள். இந்த முறை என் மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ. குரலை மட்டும் கேட்டாள். உம்மா சொன்னது இதுதான்: "ஒனக்கு இங்க எடம் இல்லன்னு யாராவது சொன்னாங்களா? ஒனக்கு ஒங்க ஊட்டுல எடம் இருக்கு. அத விட்டுட்டு எதுக்கும்மா மாமியார் ஊட்டுக்கு வர்ற? ஒடம்பப் பாத்துக்க." பின்னால் சாயங்காலம் அவள் கேட்டபோது சொன்னேன். அப்போதுதான் அழுதாள். பிறகு ஹாஜாவை, "இதை முன்னாலேயே உனக்குச் சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தாள். மதாம் பார்த்திருந்தால் இன்னொரு சுளை கொடுத்திருப்பார்.

வைப்பதற்கு முன் உம்மா என்னிடம் ஒன்று கேட்டார். "தம்பி, இவ்வளவு பேசறிய, நீங்க எந்த ஊட்டுல இருக்கிய?"

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்றேன்.

"இந்த வயசுலயா?" என்றார்.

அடுத்த நாளே பெரியவர் போய்ப் பதிந்தார். லியென் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். மதாம் ஒவ்வொரு தாளையும் விரித்து முத்திரையின் சீவல் எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு அலைச்சல்தான். ஹாஜாவின் அனுமதி முடிவதற்கு முன் பதில் வர வேண்டும். வராவிட்டால் அவன் நாட்டைவிட்டு வெளியேற, கம்போடிய எல்லை வரை நான் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. நான் கவுண்டருக்கும் குச்சிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். கட்டி வைத்த பை மூலையில் கிடந்தது. அவிழ்க்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. ஒவ்வொரு முறை குச்சிக்குப் போகும்போதும் சுவர் கொஞ்சம் உயர்ந்திருக்கும். ஹாஜா செங்கல் எடுத்துக் கொடுப்பான், பெரியவர் வைப்பார், வளைந்துவிட்டது என்று திட்டுவார். வளைந்தது பெரியவர் வைத்ததுதான். எதிர்வீட்டுக்காரர் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "நாய்க்கு மாளிகையா?" என்று ஒருநாள் கேட்டார். பெரியவர் பூச்சுக் கரண்டியைக் கீழே வைக்காமலே, "இவன் அம்மாவிடம் போன் போட்டுத் தரட்டுமா? அவளிடம் சொல்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

உள்ளூர்ப் போலீஸ்காரர் நேரில் பார்க்க வந்த நாள் நானும் அங்கே இருந்தேன். வாலிப வயது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, அந்த வெளிநாட்டுக்காரர் உண்மையிலேயே இங்கேதான் குடியிருக்கிறாரா என்று கேட்டார்.  இதே கேள்விக்குத்தான் காரைக்காலில் ஒரு பதில் வந்து எல்லாம் கவிழ்ந்தது. உண்மையைச் சொல்கிற மனிதர்களிடம்தான் நான் பயந்தேன்.

பெரியவர் அவரைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப் போனார். புது அறையைக் காட்டினார். பூச்சு இன்னும் காயவில்லை. வெளியே தனி அடுப்பில் ஹாஜா கோழிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். தொழிற்சாலை வாசலில் ரொட்டியோடு விற்பதற்கு ஒத்திகை. லியென் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உப்பு அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் இல்லை என்றான். சத்தம் உயர்ந்தது.

"இவன் எங்கள் வீட்டு மாப்பிள்ளை" என்றார் பெரியவர். "இங்கே குடியிருக்காமல் வேறெங்கே குடியிருப்பான்? ஒலகமே அப்படித்தானே இருக்கு?"

உம்மாவின் வாக்கியம். அதை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் வாயில் வியட்நாம் மொழியில் வந்தபோதும் காரைக்கால்தான் என் காதில் விழுந்தது. போலீஸ்காரர் சண்டையைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். குழம்பில் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்றார். லியெனுக்குக் கோபம். அவர் எழுதிக்கொண்டு போனார்.

அட்டை வந்தது. ஹாஜா எல்லை வரை போக வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் இருந்தான்.

போலீஸ்காரர் போன அன்று நானும் வண்டியை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள். வேலை இருக்கிறது என்றேன். பெரியவர் வேலி வரை வந்தார். மிச்சமிருந்த செங்கல் குவியலைக் காலால் தட்டினார்.

"இன்னொரு அறைக்குப் போதும்" என்றார். "நீ எந்த ஊர்ப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்?"

"பார்த்தால் சொல்கிறேன்" என்று வண்டியை உதைத்தேன்.

அதற்குப் பின் லாவோஸ் போனேன், பர்மா போனேன், இரண்டு முறையும் மதாமிடமே திரும்பி வந்தேன். மதாம் காலமான பிறகு அலுவலகம் காபிக் கடைக்காரருக்குப் போய்விட்டது. சென்னைப் பையனுக்கு இதுதான் பதில். விண்ணப்பம் கொடுத்த பிறகு என்ன செய்வேன் என்று கேட்டான். இப்படித்தான் குச்சிக்குப் போய்க்கொண்டிருப்பேன். போன மாதம்கூடப் போனேன். ஹாஜாவின் கடைக்குக் கூட்டம். அவன் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. மாப்பிள்ளை எங்கே தங்குவான் என்று யாரும் கேட்கவில்லை. பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் கொட்டகைக்குப் பக்கத்தில் கயிறு பிடித்து, புதிதாக ஒரு அறைக்கு அளந்துகொண்டிருந்தார்.